பேச்சு ஆங்கிலத்துக்கு மார்க் எப்படிப் போடுகிறார்கள்?

"இங்கிலீஷ் புரியும், ஆனா பேச வராது." நம் ஊரில் பட்டம் வாங்கியவர்களிடம் அடிக்கடி கேட்கிற வாக்கியம் இது. பள்ளியில் பன்னிரண்டு வருடம் ஆங்கிலம் படித்து, கல்லூரியில் எல்லாப் பாடத்தையும் ஆங்கிலத்திலேயே எழுதித் தேறி, அப்புறமும் ஒரு இன்டர்வியூவில் "டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்" என்றதும் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. உடனே கிடைக்கும் அறிவுரைகளும் பழகியவைதான்: கூச்சத்தை விடு, ஆங்கிலப் படம் பார், கண்ணாடி முன்னால் நின்று பேசு, தினம் பத்து புது வார்த்தை மனப்பாடம் பண்ணு. தப்பில்லை. ஆனால் உங்கள் பேச்சில் எந்த இடம் பலவீனம் என்பதை இதில் எதுவுமே சொல்வதில்லை.

என்னைக் கேட்டால், பேசப் பழக நினைப்பவர் முதலில் படிக்க வேண்டியது மார்க் போடுகிறவரின் தாளை. நாம் 'பேச்சு' என்று ஒரே மூட்டையாகக் கட்டி வைத்திருப்பதை அவர்கள் நாலைந்தாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி மார்க் போடுகிறார்கள். பிரித்துப் பார்த்தால் நமக்கு எது வருகிறது, எது வரவில்லை என்பது தெரிந்துவிடும். வராததை மட்டும் எடுத்துப் பழகினால் போதும்.

இதற்கு ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் திறன் தேர்வையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வெளிநாட்டில் படிக்கப் போகிறவர்கள், நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள், அங்கேயே நிரந்தரமாகத் தங்க பிஆர் விண்ணப்பிப்பவர்கள் என்று நம்மிடையே எழுதுகிறவர்கள் ஏராளம். அதைவிட முக்கியமான காரணம், அதன் மதிப்பீட்டு அட்டவணை பொதுவில் இலவசமாகவே கிடைக்கிறது. கோச்சிங்குக்கு ஆயிரக்கணக்கில் பணம் கட்டுகிறவர்கள்கூட சில பக்கம் உள்ள அந்தத் தாளைப் புரட்டிப் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்றுவரை ஆச்சரியம்தான்.

பேச்சை அளப்பது பழைய தலைவலி. கேம்பிரிட்ஜ் 1913ல் பிறமொழிக்காரர்களுக்கு ஆங்கிலத் தேர்வு வைத்தபோது, அது கிட்டத்தட்ட 12 மணி நேரத் தேர்வு, வாய்மொழிப் பகுதியும் உண்டு. எழுதியவர்கள் 3 பேர், மூவரும் ஃபெயில். 1964ல் வந்த டோஃபல் என்ற அமெரிக்க ஆங்கிலத் தேர்வில் பேச்சே கிடையாது. இணையவழித் தேர்வாக மாறிய 2005ல்தான் அதற்குள் பேச்சுப் பகுதி நுழைந்தது. தயக்கத்துக்குக் காரணம் இருக்கிறது. எழுதிய தாள் மேசை மேலேயே கிடக்கும், நாலு பேர் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். பேச்சு சொன்ன கணமே காற்றோடு போயிற்று. கேட்ட இரண்டு பேரில் ஒருவர் பிரமாதம் என்பார், இன்னொருவர் இதென்ன ஆக்சென்ட் என்று முகம் சுளிப்பார். இந்தச் சண்டையைக் குறைக்கத்தான் ஒவ்வொரு நிலைக்கும் 'இந்த அளவுக்குப் பேசினால் இவ்வளவு' என்று விளக்கம் எழுதி வைத்த அளவுகோல்கள் வந்தன. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் 1950களில் தன் அதிகாரிகளை நேரில் பேசவைத்து 0 முதல் 5 வரை அளந்தது. இன்று உலகம் பூராவும் புழங்கும் ஏ1 முதல் சி2 வரையிலான ஐரோப்பிய அளவுகோல் 2001ல் வெளியானது. ஐஇஎல்டிஎஸ் வந்தது 1989ல்.

அதன் பேச்சுத் தேர்வு மொத்தமே 11 முதல் 14 நிமிடம். எதிரே ஒரு தேர்வாளர் இருப்பார், சில மையங்களில் வீடியோ அழைப்பில் வருவார். பேசுவது முழுக்கப் பதிவாகும். முதல் 4, 5 நிமிடம் வீடு, வேலை, படிப்பு, பொழுதுபோக்கு என்று சாதாரணக் கேள்விகள். அடுத்து கியூ கார்டு: ஒரு தலைப்பு எழுதிய அட்டையும் பென்சிலும் தாளும் தருவார்கள், 1 நிமிடம் குறிப்பெடுத்துக்கொண்டு 1 முதல் 2 நிமிடம் நீங்கள் மட்டும் பேச வேண்டும். இரண்டு நிமிடம் ஆனதும் நடுவிலேயே நிறுத்திவிடுவார். அது நேரக் கணக்கு, நீங்கள் சொதப்பியதால் அல்ல. கடைசி 4, 5 நிமிடம் அதே தலைப்பை ஒட்டிக் கொஞ்சம் கனமான விவாதம். கியூ கார்டில் உங்களுக்குப் பிடித்த கடையைப் பற்றிப் பேசினீர்கள் என்றால், இங்கே ஆன்லைன் வியாபாரம் சின்னக் கடைகளை என்ன செய்கிறது என்று கேட்பார்.

மார்க் நாலு பத்தியில் விழும். சரளமும் கோர்வையும் சேர்த்து ஒன்று, சொல்வளம் ஒன்று, இலக்கணம் ஒன்று, உச்சரிப்பு ஒன்று. நாலுக்கும் சமமான எடை, ஆளுக்குக் கால் பங்கு. இந்த மார்க்குக்குப் பேண்ட் என்று பெயர், உச்சம் 9. 6, 6, 7, 7 வாங்கினால் 6.5. நம் பள்ளிக்கூடம் ஆங்கிலம் என்றால் இலக்கணம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டது, இங்கே அதற்குக் கால்வாசிதான் மதிப்பு. அந்தக் கால்வாசியிலும் பிழையில்லாமல் பேசுவது ஒரு பாதி, சிக்கலான வாக்கியங்களை முயன்று பார்ப்பது இன்னொரு பாதி. பிழை வந்துவிடுமோ என்று பயந்து "ஐ லைக் டீ. டீ இஸ் குட்" என்று குட்டி வாக்கியமாகவே பேசிக்கொண்டிருப்பவருக்குப் பிழை குறைவாக இருக்கும், பேண்டும் குறைவாகத்தான் இருக்கும்.

அந்தப் பட்டியலில் இல்லாததையும் பாருங்கள். தன்னம்பிக்கைக்கு என்று பத்தி இல்லை. உடைக்கு இல்லை. கருத்து சரியா தவறா என்பதற்கும் இல்லை; பிளாஸ்டிக்கைத் தடை செய்யக் கூடாது என்று நீங்கள் வாதாடினாலும் தேர்வாளருக்குக் கவலையில்லை, வாதத்தை அவரால் தொடர முடிகிறதா என்பதுதான் கேள்வி. புரியாவிட்டால் கேள்வியைத் திரும்பக் கேட்கலாம், அதற்கு மார்க் குறையாது.

இனி சரளம். மக்கள் மிகவும் தப்பாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம். சரளம் என்றால் வேகம் என்று நினைத்துக்கொண்டு மூச்சுவிடாமல் கொட்டுகிறவர்கள் உண்டு. வேகமாகக் கொட்டினால் கூடுதல் மார்க் என்று அட்டவணையில் எங்கும் இல்லை. அது முக்கியமாகப் பார்ப்பது தயக்கத்தை, அதிலும் தயக்கத்தின் காரணத்தை. 5ஆம் பேண்டுக்காரர் பேச்சை ஓட்டிக்கொண்டு போகிறார், ஆனால் சொன்னதையே சொல்லியும், திருத்தியும், மெதுவாக இழுத்தும்தான் ஓட்ட முடிகிறது. 6ஆம் பேண்டுக்காரர் நீளமாகப் பேசத் தயார், நடுநடுவே கோர்வை விட்டுப்போகிறது. 7ல் சிரமம் வெளியே தெரிவதில்லை, எப்போதாவது சொல்லைத் தேடித் தயங்குகிறார். 8க்குப் போனால் தயங்குவதே பெரும்பாலும் என்ன சொல்லலாம் என்று யோசிக்கத்தான், எந்த வார்த்தை என்று தேட அல்ல. தாய்மொழியில் பேசும்போது நாமும் அப்படித்தானே நிறுத்தி நிறுத்திப் பேசுகிறோம். ஆக நிறுத்துவது குற்றமில்லை, எங்கே நிறுத்துகிறோம் என்பதில்தான் விஷயம்.

ஒரு சின்ன மாதிரியைப் பாருங்கள். நீங்கள் அடிக்கடி போகும் ஓர் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அட்டை வருகிறது. ஒருவர் சொல்கிறார்: "மை ஃபேவரிட் பிளேஸ் இஸ்... ஆ... அவர் டவுன்... பஸ் ஸ்டாண்ட் நியர்... நியர் தி பஸ் ஸ்டாண்ட்... ஒன் லைப்ரரி... இஸ் தேர்." இன்னொருவர்: "தேர்ஸ் எ லைப்ரரி நியர் அவர் பஸ் ஸ்டாண்ட்... ஐ கோ தேர் மோஸ்ட் சண்டேஸ்... மெயின்லி பிகாஸ் இட்ஸ் கொயட். வெல், கொயட் அன்டில் தி பஸ்ஸஸ் ஸ்டார்ட் ஹாங்கிங்." இருவரும் நிறுத்துகிறார்கள். முதலாமவர் வாக்கியத்துக்கு உள்ளே, சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் நிற்கிறார். இரண்டாமவர் ஒரு துண்டு முடிந்த இடத்தில் நிற்கிறார். கேட்கிறவருக்கு இரண்டாவது நிறுத்தம் கவனத்துக்கே வராது, முதலாவது ஒவ்வொன்றும் கல்லாகத் தட்டும்.

முதலாமவருக்கு ஏன் அப்படி ஆகிறது? அவர் மனதில் ஓடியது "எங்க ஊர்ல பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல ஒரு லைப்ரரி இருக்கு". தமிழில் 'இருக்கு' கடைசியில் வருகிறது, 'பக்கத்துல' பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டுமே தலைகீழ். தமிழ் வாக்கியத்தை முழுக்கக் கட்டிவிட்டு அதைத் திருப்பிப் போட முயல்வதால், ஒவ்வொரு மூலையிலும் நின்று வழி பார்க்க வேண்டியிருக்கிறது. "தமிழில் யோசிக்காதே, இங்கிலீஷிலேயே யோசி" என்று சொல்வது சுலபம், பழகத் தொடங்கும்போது செய்வது கஷ்டம். அதைவிட உருப்படியான வழி, வாக்கியத்தின் தொடக்கத் துண்டுகளை ஒரே சொல்போல வாயில் பழக்கிக்கொள்வது: "தேர்ஸ் எ...", "வாட் ஐ லைக் அபவுட் இட் இஸ்...", "இட் டிபெண்ட்ஸ் ஆன்...", "தி ரீசன் ஐ சே தட் இஸ்...". தொடக்கம் தானாக வந்துவிட்டால் மிச்சத்தைக் கட்ட மூளைக்கு அவகாசம் கிடைக்கும். தனித்தனி வார்த்தைகளை மனப்பாடம் செய்வதைவிட இந்தத் துண்டுகளுக்குப் பலன் பல மடங்கு.

ஆனால் துண்டுகள் வேறு, முழுப் பதிலையும் உருப்போடுவது வேறு. பொது நூலகத்துக்கென்று எழுதி வைத்த பதிலை ரயில் நிலையத்துக்கும் பூங்காவுக்கும் மாற்றி ஒப்பிக்கும் வித்தையைச் சில இடங்களில் சொல்லியே தருகிறார்கள். ஒப்பிக்கும்போது குரல் மாறிவிடும், பிசிறில்லாமல் ஓடும், அடுத்த கேள்வியில் தடாலென்று விழும். நாள் பூராவும் இதையே கேட்டுக்கொண்டிருக்கும் தேர்வாளருக்கு அது தெரியாமல் இருக்குமா? கடைசிப் பகுதியின் விவாதக் கேள்விகள் எதையும் முன்கூட்டியே உருப்போட வழியில்லை.

கோர்வைக்கும் ஒரு வார்த்தை. "ஃபர்ஸ்ட்லி, செகண்ட்லி, மோர்ஓவர், ஃபர்தர்மோர்" என்று அடுக்கினால் கோர்வை வந்துவிடும் என்பது கட்டுரை எழுதிய பழக்கம். இணைப்புச் சொற்களை அளவுக்கு மீறிப் போடுவது 5ஆம் பேண்டின் அடையாளமாகவே அட்டவணையில் எழுதியிருக்கிறது. பேச்சில் "ஸோ", "பட் தென்", "எனிவே", "ஆக்சுவலி" போன்றவைதான் இயல்பு. (நம்மவர்கள் 'ஆக்சுவலி'யை எல்லா வாக்கியத்துக்கும் பிள்ளையார் சுழியாகப் போடுவது வேறு கதை.)

உச்சரிப்புக்கு வருவோம். இங்கே முதலில் மறக்க வேண்டியது அமெரிக்க ஆக்சென்ட்டை. மொழி ஆய்வாளர்கள் மர்ரே மன்ரோவும் டிரேசி டெர்விங்கும் 1995ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துக்காட்டுவது. மாண்டரின் தாய்மொழிக்காரர்கள் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலத் தாய்மொழிக்காரர்களிடம் போட்டுக்காட்டினார்கள். ஆக்சென்ட் தூக்கலாக இருக்கிறது என்று மார்க் போட்ட அதே பேச்சை, அதே ஆட்கள் ஒரு சொல் பிசகாமல் எழுதிக் காட்டிய இடங்கள் நிறைய. அதாவது ஆக்சென்ட் இருப்பது வேறு, புரியாமல் போவது வேறு. ஐரோப்பிய அளவுகோலும் 2018ல் உச்சரிப்புப் பகுதியைத் திருத்தி எழுதியபோது, தாய்மொழிக்காரர்போலப் பேசுவது என்ற இலக்கைக் கைவிட்டு, கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை முன்னால் வைத்தது. கால் சென்டர் பயிற்சியில் 'எம்டிஐ' என்று ஒரு நோயைப்போலச் சொல்வார்களே, தாய்மொழிச் சாயல், அது இருந்தாலும் ஐஇஎல்டிஎஸ்ஸில் 8 வாங்கலாம். கேட்பவருக்குச் சிரமம் தரக்கூடாது, அவ்வளவுதான்.

சரி, தமிழர் பேச்சில் எது சிரமம் தருகிறது? என் பார்வையில் முதலிடம் சொல்லழுத்தத்துக்கு. தமிழில் ஒரு சொல்லின் எந்த அசையை அழுத்தினாலும் பொருள் மாறாது, அதனால் எல்லா அசையையும் ஒரே சீராகச் சொல்லிப் பழகியிருக்கிறோம். ஆங்கிலக் காது அழுத்தத்தைப் பிடித்துக்கொண்டுதான் சொல்லை அடையாளம் காண்கிறது. ஹோட்டல், டெவலப், கமிட்டி மூன்றிலும் அழுத்தம் இரண்டாம் அசையில்; நாம் பெரும்பாலும் முதல் அசையைத் தட்டுகிறோம். ஃபோட்டோகிராஃப் என்றால் முதல் அசை, ஃபோட்டோகிராஃபி என்றால் இரண்டாம் அசை. எந்த ஆன்லைன் அகராதியிலும் உச்சரிப்புக் குறியீட்டில் அழுத்தம் வரும் அசைக்கு முன்னால் மேலே ஒரு சிறு கோடு இருக்கும், ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் கேட்கவும் செய்யலாம். நீங்கள் தினமும் புழங்கும் தொழில் சொற்களை மட்டும் இப்படிச் சரிபார்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது ஒலிகள். எகரத்தில் தொடங்கும் சொல்லுக்கு முன்னால் யகரத்தை நுழைத்து "யெவ்ரி" என்பதும், ஒகரத்துக்கு முன்னால் வகரம் சேர்த்து "வொன்லி" என்பதும் நம் வாயின் வழக்கம். பெட்டி கட்டுவதற்கான சொல்லையும் முதுகுக்கான சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டுமே 'பேக்'தான், சிலர் வாயிலும் இரண்டும் ஒன்றாகவே வரும். இது கேட்பவரை நிஜமாகவே குழப்பும். ஆனால் ஒலி ஒவ்வொன்றாகத் திருத்த உட்கார்ந்தால் வருடக்கணக்கில் இழுக்கும். குழப்பம் தருகிற இரண்டு மூன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

சொல்வளத்தில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கனமான சொல் தேவையில்லை, பொருந்துகிற சொல் வேண்டும். தெரியாத சொல்லைச் சுற்றிவளைத்து விளக்கத் தெரிந்திருப்பதற்கும் அட்டவணையில் மார்க் உண்டு. வடிகட்டி என்பதற்கு ஆங்கிலம் நினைவுக்கு வரவில்லையா, "தி திங் யூ யூஸ் டு ஸ்ட்ரெய்ன் டீ" என்று சொல்லிவிட்டு மேலே போங்கள்.

எல்லாத் தேர்வும் இப்படியே அளப்பதில்லை. 2009ல் வந்த பிடிஇ அகாடமிக்கில் எதிரே ஆளே இல்லை, மைக்கில் பேச வேண்டும், மார்க்கை முக்கியமாகக் கணினிதான் போடுகிறது. திரையில் உள்ளதை வாசிப்பது, கேட்ட வாக்கியத்தை அப்படியே திருப்பிச் சொல்வது மாதிரியான பயிற்சிகள் அதில் வரும். அங்கே சீரான ஓட்டம் முக்கியம், நின்று திருத்தினால் நஷ்டம். இதற்கு நேரெதிர் முனையில் இருப்பது மருத்துவத் துறையினருக்கான ஓஇடி. பிரிட்டனில் நர்ஸாகப் பதிவு செய்ய ஐஇஎல்டிஎஸ் பேச்சில் 7 கேட்கிறார்கள், அல்லது ஓஇடி பேச்சில் பி கிரேடு. அதனால் நம் நர்ஸிங் படித்தவர்கள் பலர் ஓஇடி பக்கம் போகிறார்கள். அதில் இரண்டு ரோல்ப்ளே, ஒவ்வொன்றும் சுமார் 5 நிமிடம். எதிரே இருப்பவர் நோயாளியாக, அல்லது நோயாளியின் உறவினராக நடிப்பார்: ஊசி என்றாலே பயப்படுகிறவர், மாத்திரையைப் பாதியில் நிறுத்தியவர். மொழிக்குத் தனி மார்க், நோயாளியோடு பழகும் விதத்துக்குத் தனி மார்க். அவர் பயத்தைக் கேட்டுக்கொண்டீர்களா, குறுக்கே பேசினீர்களா, சொன்னது புரிந்ததா என்று சரிபார்த்தீர்களா என்றெல்லாம் பார்ப்பார்கள். இலக்கணம் சுத்தமாக இருக்கிற ஒருவர், நோயாளி அழத் தொடங்கிய பிறகும் மருந்துப் பட்டியலையே ஒப்பித்துக்கொண்டிருந்தால் இங்கே தேறுவது கஷ்டம். தகவல் தொடர்புத் திறன் என்று பெரிய பெயர் வைத்திருக்கும் விஷயத்தை உள்ளபடியே சோதிப்பது இதுதான் என்பது என் எண்ணம்.

வீட்டில் எப்படிப் பழகுவது? செல்போன் ரெக்கார்டரே போதும். ஒரு கியூ கார்டை எடுங்கள், 1 நிமிடம் குறிப்பு, 2 நிமிடம் பேச்சு. பிறகு அதில் ஒரு நிமிடத்தை மட்டும் சொன்னது சொன்னபடி தாளில் எழுதுங்கள்: 'ஆ', 'ம்', பாதியில் விட்ட சொல், நிறுத்திய இடம் எல்லாம் சேர்த்து. எரிச்சலான வேலைதான், ஆனால் வேறெந்தப் பயிற்சியும் இந்த அளவுக்குக் கண்ணைத் திறக்காது. நிறுத்தங்கள் வாக்கியத்துக்கு உள்ளே விழுகின்றனவா, ஒரே சொல் எத்தனை முறை வருகிறது, "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" மாதிரி எந்தப் பிழை திரும்பத் திரும்ப வருகிறது என்று பென்சிலால் வட்டம் போட்டுப் பாருங்கள். ஒரு வாரத்துக்கு ஒரு பிழையை மட்டும் துரத்துங்கள்.

சரளத்துக்கென்றே 4/3/2 என்று ஒரு பயிற்சி இருக்கிறது, நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன் பரவலாக்கியது. ஒரே விஷயத்தை ஒருவரிடம் 4 நிமிடம், அடுத்தவரிடம் 3 நிமிடம், மூன்றாமவரிடம் 2 நிமிடம் சொல்ல வேண்டும். என்ன சொல்வது என்ற கவலை முதல் சுற்றிலேயே தீர்ந்துவிடுவதால், அடுத்த சுற்றுகளில் வாய் மட்டும் வேலை செய்கிறது. ஹாஸ்டலில் இருப்பவர்களுக்குக் கச்சிதம். ஆள் கிடைக்காதவர்கள் மூன்று முறை பதிவு செய்துகொள்ளலாம், பலன் கொஞ்சம் குறையும்.

நண்பர்களோ ஆசிரியரோ மார்க் போடுவதாக இருந்தால், ஒரே பதிவை நாலு முறை ஓட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு பத்தியை மட்டும் கவனித்துப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கேட்டால், குரல் நன்றாக இருப்பவருக்கு இலக்கணத்திலும் சேர்த்து மார்க் விழுந்துவிடும். இரண்டு பேர் தனித்தனியாகப் போட்டு, அப்புறம் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு பேண்டுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பதிவை மறுபடி ஓட்டி, எந்த இடத்தைக் கேட்டு அப்படிப் போட்டீர்கள் என்று பேசுங்கள். கல்லூரியில் மாணவர்களை மதிப்பிடுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: எல்லோருக்கும் ஒரே மாதிரித் தலைப்பு, ஒரே நேரம், பதிவு கட்டாயம், 'கான்ஃபிடன்ஸ்' என்று ஒரு பத்தி போட்டு அதில் 10 மார்க் வைப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

கடைசியாகப் பணம் மிச்சப்படுத்தும் ஒரு விஷயம். ஐஇஎல்டிஎஸ்ஸைக் கணினியில் எழுதியவர்கள், மற்ற மூன்றிலும் நல்ல பேண்ட் வந்து பேச்சு மட்டும் இடறினால், 60 நாளுக்குள் பேச்சை மட்டும் மறுபடி எழுதலாம். 'ஒன் ஸ்கில் ரீடேக்' என்று அதற்குப் பெயர், ஒரு தேர்வுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு. நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகமோ குடியேற்றத் துறையோ அந்த மறுதேர்வு முடிவை ஏற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கட்டணம் கட்டுங்கள்.